உங்கள் உடம்பின் கணக்கு உங்களுக்குத் தெரியுமா?



உங்களிடம் சில கேள்விகள். பெட்டகத்தில் எத்தனை பவுண் நகை இருக்கிறது? இந்தப் போகத்துக்கு வீட்டுக்கு எத்தனை மூடை நெல் வந்தது? இந்த மாதச் சீட்டு யாருடைய முறை? மூத்த மகளுக்குக் கணக்குப் பாடத்தில் எத்தனை புள்ளி?

கேட்ட மாத்திரத்திலேயே பதில் சொல்லி விடுவீர்கள். எங்கள் குடும்பங்களின் கணக்கெல்லாம் பெண்களின் தலைக்குள்தான் இருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. உங்கள் நிறை என்ன? உயரம் என்ன?

இங்கேதான் பலர் யோசிக்கத் தொடங்குவார்கள். "கடைசிப் பிள்ளை வயிற்றில இருக்கக்குள்ள கிளினிக்கில நிறுத்தாங்க" என்பதே அநேகமாகக் கிடைக்கும் பதில். அந்தப் பிள்ளை இப்போது ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருக்கும்!

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் வீட்டிலும் இதே நிலைதான் இருந்தது. அதற்கு நாங்கள் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உம்மாவின் கால்விரல்

எனது உம்மா நல்ல உடம்புக்காரி. ஊரில் யாரும் அதை ஒரு குறையாகப் பார்த்ததில்லை. "வளமான மனுஷி" என்றுதான் சொல்வார்கள். வாப்பா அவரை நன்றாக வைத்திருக்கிறார் என்பதற்கு அதுவே அத்தாட்சி என்றும் நினைத்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அறுபது வயதை நெருங்கும்போது அவரது காலில் ஒரு சிறு காயம் வந்தது. "செருப்புக் கடிச்ச காயம் மகன், ஒண்டுமில்ல" என்றார். மஞ்சள் அரைத்துப் பூசினார். ஒரு மாதமாகியும் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சோதித்தபோதுதான் சீனி வருத்தம் என்று தெரிந்தது. அது பல வருடங்களாக உள்ளே இருந்திருக்க வேண்டும் என்றார் டொக்டர். கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

டொக்டர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி இன்றும் காதில் ஒலிக்கிறது. "மௌலவி, உம்மாவ கடைசியா எப்ப நிறுத்துப் பார்த்தீங்க?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் நெல் மூடையை நிறுத்திருக்கிறேன். உழ்ஹிய்யா இறைச்சியைப் பங்கு பங்காக நிறுத்திருக்கிறேன். மாணவர்களுக்கு ஸகாத் கணக்கும் வாரிசுரிமைக் கணக்கும் வருடக் கணக்கில் படிப்பித்திருக்கிறேன். பெற்ற தாயின் நிறையை ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் மனைவியை 'வெல் வுமன் கிளினிக்' போகச் சொன்னேன். அப்போது அவருக்கு வயது 41. போய் வந்தவர் பேசாமல் இருந்தார். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "64 கிலோ, 152 சென்ரிமீற்றர் எண்டு எழுதினாங்க. பிறகு 27.7 எண்டு ஒரு நம்பர் போட்டாங்க. அது என்ன கணக்கெண்டு நீங்கதான் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அன்று நான் படித்துக் கொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

பீ.எம்.ஐ. என்றால் என்ன?

அந்த நம்பரின் பெயர் 'உடற்திணிவுச் சுட்டி'. கிளினிக்கில் சுருக்கமாகப் பீ.எம்.ஐ. என்பார்கள். ஒருவருடைய நிறை அவருடைய உயரத்துக்குப் பொருத்தமானதா என்று பார்க்கும் கணக்கு இது.

நிறையை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. இரண்டு சகோதரிகளை எடுத்துக் கொள்வோம். இருவருக்கும் 60 கிலோ. ஒருவரின் உயரம் 150 சென்ரிமீற்றர், மற்றவரின் உயரம் 165 சென்ரிமீற்றர். முதலாமவரின் சுட்டி 26.7. இரண்டாமவரின் சுட்டி 22. நிறை ஒன்றுதான், ஆனால் முதலாமவர் கவனிக்க வேண்டிய இடத்தில் நிற்கிறார், இரண்டாமவர் நல்ல நிலையில் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரியின் நிறையோடு உங்கள் நிறையை ஒப்பிடுவதில் பயனில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்தக் கணக்கின் வரலாறும் அறிய வேண்டியதே. 1830களில் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே என்ற வானியல், புள்ளிவிபர அறிஞர் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று ஆராய்ந்தார். நிறை உயரத்தோடு எப்படிக் கூடுகிறது என்று பார்த்து இந்தக் கணக்கைக் கண்டார். அவர் வைத்தியர் அல்லர், தனி ஒருவரின் நோயைப் பார்ப்பதும் அவர் நோக்கமல்ல. 1972ஆம் ஆண்டில்தான் அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் இதற்கு இன்றைய பெயரை வைத்தார்கள். கூட்டத்தை அளக்கப் பிறந்த கணக்கு என்பதால் தனி மனிதருக்குப் பயன்படுத்தும்போது சில எல்லைகள் உண்டு. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

வீட்டிலேயே கணக்கிடுங்கள்

1. உயரம்: செருப்பைக் கழற்றுங்கள். கொண்டையை அவிழ்த்து விடுங்கள். குதிக்கால், முதுகு, தலையின் பின்புறம் மூன்றும் சுவரில் பட நிமிர்ந்து நில்லுங்கள். மகள் ஒரு தடித்த புத்தகத்தைத் தலைமேல் மட்டமாக வைத்துச் சுவரில் பென்சிலால் கோடிடட்டும். நிலத்திலிருந்து அந்தக் கோடு வரை தையல் நாடாவால் அளங்கள். அங்குலத்தில் அளந்தால் 2.54ஆல் பெருக்கினால் சென்ரிமீற்றர் வரும். ஐந்து அடி என்பது 152 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல்.

2. நிறை: காலையில், சாப்பிடுமுன், மெல்லிய உடுப்போடு நிறுப்பது நல்லது. தராசு சமமான சீமெந்துத் தரையில் இருக்க வேண்டும், பாயின் மேல் வைக்கக் கூடாது.

3. கணக்கு: உயரத்தை மீற்றரில் எழுதுங்கள். 152 சென்ரிமீற்றர் என்றால் 1.52 மீற்றர். நிறையை உயரத்தால் ஒரு முறை வகுத்து, வந்த விடையை அதே உயரத்தால் இன்னொரு முறை வகுக்க வேண்டும். அவ்வளவுதான்!

என் மனைவியின் கணக்கு: 64ஐ 1.52ஆல் வகுத்தால் 42.1. அதை மீண்டும் 1.52ஆல் வகுத்தால் 27.7. கைத்தொலைபேசியில் உள்ள கல்குலேட்டரில் ஒரு நிமிட வேலை. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் செய்து தரும்.

எங்களுக்கு 25 அல்ல, 23

விடை 18.5க்குக் குறைவாக இருந்தால் நிறை போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அளவுப்படி 18.5 முதல் 24.9 வரை நல்ல நிலை. 25 தொடங்கினால் அதிக நிறை. 30 தொடங்கினால் உடற்பருமன்.

ஆனால் இங்கே ஒரு முக்கிய செய்தி இருக்கிறது. எங்களைப் போன்ற ஆசியர்களுக்கு, அதே சுட்டியுள்ள ஐரோப்பியரை விட உடம்பில் கொழுப்பு கூடுதலாக இருக்கிறது, அதுவும் வயிற்றைச் சுற்றி. 25ஐ எட்டுவதற்கு முன்னரே சீனி வருத்தமும் இதய நோயும் எங்களைத் தேடி வருகின்றன. ஆகவே உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, பொதுவான கோடுகளை அப்படியே வைத்துக் கொண்டு, ஆசியர்களுக்காக 23, 27.5 என்ற இரண்டு எச்சரிக்கைக் கோடுகளையும் சேர்த்தது. 2004இல் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் அது வெளியானது. 23 தொடங்கினால் ஆபத்து கூடுகிறது, 27.5 தொடங்கினால் ஆபத்து அதிகம்.

சில அட்டைகளில் 25 வரை நல்ல நிலை என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து 24.5 உள்ள சகோதரி ஆறுதலடைந்து விடக் கூடாது.

150 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு நல்ல நிறை என்ன என்று உடனே அறிய விரும்புவோருக்காகக் கணக்கிட்டுத் தருகிறேன்:

145 செ.மீ. – 39 முதல் 48 கிலோ
150 செ.மீ. – 42 முதல் 51 கிலோ
155 செ.மீ. – 45 முதல் 55 கிலோ
160 செ.மீ. – 48 முதல் 58 கிலோ
165 செ.மீ. – 51 முதல் 62 கிலோ

இந்த அளவுகளைப் பார்த்துச் சிலர் திடுக்கிடுவீர்கள். பயப்பட வேண்டாம். ஸகாத்தில் நிஸாப் என்று ஒன்று இருப்பதை அறிவீர்கள். ஒருவருடைய செல்வம் நிஸாபை அடைந்தால் அவர் நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ அர்த்தமில்லை. இனி அவருக்கு ஒரு கடமை தொடங்குகிறது என்றுதான் அர்த்தம். 23 என்ற கோட்டையும் அப்படியே பாருங்கள். அதைத் தாண்டியவர் அழகு குறைந்தவரோ சோம்பேறியோ அல்லர். இரத்தத்தில் சீனியையும் பிரஷரையும் சோதித்துப் பார்க்க வேண்டிய கடமை அவருக்கு வந்துவிட்டது.

அபாயா சொல்லாத கதை

ஆண்களுக்கு வயிறு வைத்தால் பெல்ட் காட்டிக் கொடுத்துவிடும். போன வருடம் மூன்றாம் ஓட்டையில் போட்டவர் இந்த வருடம் ஐந்தாம் ஓட்டையைத் தேடுவார். எங்கள் பெண்கள் வெளியே அபாயா அணிகிறார்கள், வீட்டில் கவுன் அணிகிறார்கள். இரண்டும் தளர்வானவை. அவை மானத்தை மறைக்கும் நல்ல உடைகளே. ஆனால் வருடத்துக்கு இரண்டு கிலோவாகப் பத்து வருடத்தில் இருபது கிலோ கூடினாலும் அவை ஒரு வார்த்தை சொல்லா! ஆகவேதான் தராசும் நாடாவும் ஆண்களை விடப் பெண்களுக்கு அவசியம் என்கிறேன்.

நாடாவைக் கையில் எடுத்ததோடு இடுப்பையும் அளந்து விடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ 31½ அங்குலம், எச்சரிக்கை அளவு. ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர். சுட்டி 22ஆக இருந்தும் இடுப்பு 85 என்றால் கவனம் தேவை. ஏனென்றால் வயிற்றுக்குள் சேரும் கொழுப்புத்தான் அதிகம் தீங்கு செய்கிறது.

யாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது?

கர்ப்பிணிகள் இடையில் நிறுத்துக் கணக்கிடக் கூடாது. முதல் மூன்று மாதத்துக்குள் கிளினிக்கில் பதியும்போது எடுக்கும் சுட்டியே அவர்களுக்குரியது. பிரசவம் வரை எத்தனை கிலோ கூடலாம் என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். எனவே பதிவதைப் பிந்த விடாதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு வேறு அட்டவணை உண்டு. கால் வீக்கம், நீர் சேர்தல் உள்ளவர்களுக்கும், தசை உரமேறிய உழைப்பாளிகளுக்கும் சுட்டி பிழையான படத்தைக் காட்டலாம். முதுமையில் உயரம் குறைவதால் வயோதிபர்களின் எண்ணை டொக்டரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

கோட்டைத் தாண்டியவர் என்ன செய்வது?

2015இல் எங்கள் நாட்டில் நடந்த தேசிய ஆய்வில் வயது வந்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் சுட்டி 25ஐத் தாண்டியிருந்தது. ஆகவே நீங்கள் தனியாக இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. சீனி வருத்தம் வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2002இல் வந்தது. நிறையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு வாழ்ந்தவர்களில் நோய் வருவது 58 வீதம் குறைந்தது. 64 கிலோ உள்ளவருக்கு 7 பங்கு என்பது நாலரைக் கிலோதான்! சென்னையில் டொக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. அங்கே நிறை பெரிதாகக் குறையாமலேயே, உணவையும் நடையையும் திருத்தியவர்களிடம் நோய் 28.5 வீதம் குறைந்தது. எங்களைப் போலவே சோறும் கறியும் உண்பவர்களின் ஊரில் கண்ட முடிவு அது. நம்பிக்கை தரும் செய்தியல்லவா?

எங்கள் வீடுகளில் எங்கே தொடங்கலாம்? நான் பார்த்த மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பிள்ளைகளின் மிச்சச் சோறு. உணவை வீசுவது இஸ்ராஃப் என்று பயந்து, பிள்ளைகள் வைத்த மிச்சத்தையெல்லாம் உம்மா சாப்பிட்டு முடிப்பார். எண்ணம் நல்லது. ஆனால் தேவைக்கு மேல் உண்பதும் இஸ்ராஃப்தானே! குப்பைக்குப் போகாத சோறு உம்மாவின் இடுப்பில் போய்ச் சேர்வதில் என்ன மிச்சம்? பிள்ளையின் கோப்பையில் குறைவாகப் போடுங்கள், போதாவிட்டால் கேட்கட்டும். வயிற்றை மூன்று பங்காக்கி உணவுக்கு, நீருக்கு, மூச்சுக்கு என்று விடும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் அறிவோம்.

இரண்டாவது, தேநீர். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் பத்துக் கரண்டி, அதாவது சுமார் 40 கிராம். வாரத்துக்கு ஒரு முறை அரைக் கரண்டி குறைத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் சீனியில்லாப் பிளேன்டீ நாக்குக்குப் பழகிவிடும். நோன்பு மாதத்திலும் இதே கவனம் வேண்டும். பகல் முழுவதும் பசித்திருந்து, கஞ்சியோடு சமூசாவும் ரோல்ஸும் நாலைந்தாக இறங்கினால் பெருநாளில் நிறை கூடித்தான் இருக்கும்.

மூன்றாவது, அசைவு. எங்கள் உம்மம்மாமார் நெல் குத்தினார்கள், கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள். மருதமுனைப் பக்கம் தறியில் இருந்தவர்களுக்குக் கையும் காலும் ஓய்ந்ததில்லை. இன்று கிரைண்டரும் மோட்டரும் வந்துவிட்டன. அல்ஹம்துலில்லாஹ், அது நல்லதே. குறைந்த அசைவை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டும். சுபஹுக்குப் பின் இரண்டு மூன்று பெண்களாகச் சேர்ந்து நடக்கலாம். வெளியே போக வசதியில்லாதவர் முற்றத்திலோ மேல் தட்டிலோ அரை மணி நேரம் வேகமாக நடந்தாலும் போதும்.

இங்கே ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. ஆயிஷா (ரழி) அவர்கள் ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் போட்டி ஓடி முந்தினார்கள். பிறகு சதை போட்ட காலத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். முந்தைய தோல்விக்கு இது ஈடு என்று சொன்னார்கள். அபூதாவூத் கிரந்தத்தில் இது பதிவாகியிருக்கிறது. தனக்கு உடம்பு வைத்ததை அன்னையவர்களே கூச்சமின்றிச் சொல்கிறார்கள். நபியவர்கள் அதைக் கேலி செய்யவில்லை, கூடச் சேர்ந்து ஓடினார்கள்.

இதில் கணவன்மாருக்குப் பாடம் உண்டு. நானும் ஒரு காலத்தில் விருந்தாளிகள் முன்னால் மனைவியின் உடம்பை வைத்துப் பகிடி விட்டவன்தான். அதற்காக வெட்கப்படுகிறேன். பகிடியால் யாருடைய நிறையும் குறைந்ததில்லை. கூட நடக்க ஒரு ஆள் கிடைத்தால் குறையும்.

குறைவும் ஆபத்தே

கலியாணம் பேசியதும் காலைச் சாப்பாட்டை விட்டுவிடும் குமர்ப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். சுட்டி 18.5க்குக் கீழே போனால் இரத்தச் சோகை, களைப்பு, பிறகு நிறை குறைந்த குழந்தை என்று தொடரும். அவர்களுக்கு மெலிவு அழகல்ல. முட்டையும் மீனும் பருப்பும் கீரையும் கொடுத்து நிறையைக் கூட்ட வேண்டும்.

எங்கே போய்ப் பார்ப்பது?

இலங்கையில் 1996 முதல் வெல் வுமன் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதை அடைந்த பெண்கள் போகலாம். நிறை, பிரஷர், மார்பகம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடமோ எம்.ஓ.எச். ஒபீஸிலோ நாளைக் கேட்டறியலாம். ஆண், பெண் இருபாலாருக்கும் 2011 முதல் ஆஸ்பத்திரிகளில் 'ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்' ஆரம்பிக்கப்பட்டிருக்கிறது. கர்ப்ப காலத்தில் சீனி வந்து போனவர்களும், பெற்றோருக்குச் சீனி உள்ளவர்களும் சுட்டி 23க்குக் கீழே இருந்தாலும் சோதிப்பது அவசியம்.

கடைசியாக ஒன்று. ஒரு வருடத்துக்குப் பிறகு என் மனைவியின் நிறை 60 கிலோ. சுட்டி 26க்குச் சற்றுக் கீழே. 23க்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் முழங்கால் நோவால் கதிரையில் இருந்து தொழுதவர் இப்போது நிலத்தில் ஸுஜூது செய்கிறார். உம்மாவும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை தராசில் ஏறி நிற்பார். "எத்தின மகன்?" என்று கேட்பார். நான் சொல்வேன். ஒரு விரல் இல்லாத அந்தக் காலைக் குனிந்து பார்த்தபடிதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம். அதற்கும் எங்கள் மீது உரிமை உண்டு. அமானிதத்தின் கணக்கை அறிந்து வைத்திருப்பது பொறுப்பாளியின் வேலை. இந்தப் பக்கத்தை மூடியதும் தையல் பெட்டியில் இருக்கும் நாடாவை எடுங்கள். முதலில் உங்களை, பிறகு உங்கள் உம்மாவை அளந்து பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், அதைப் பேணும் மனதையும் தந்தருள்வானாக. ஆமீன்.